ஹாக்கியில் மலேசியாவா, இந்தியாவா? கோலாலம்பூர்த் தமிழன் யாருக்குக் கைதட்டுவது?

என் ஓட்டு மலேசியாவுக்கு. இங்குள்ள புக்கிட் ஜாலில் ஹாக்கி அரங்கில் போய் உட்கார்ந்து பாருங்கள், தொண்டை தானாகவே முடிவு செய்துவிடும்.

இந்தக் குழப்பம் பழையது. 1975 உலகக் கோப்பை இங்கேதான் நடந்தது. அரையிறுதியில் மலேசியா முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. அப்புறம் பாகிஸ்தானை 2-1 என வீழ்த்திக் கோப்பையையும் தூக்கியது. நமக்கு நான்காம் இடம். அந்த மலேசிய அணியில் நம் தமிழர் பத்மராஜாவும் இருந்தார், அதையும் மறக்க வேண்டாம்.

2023-இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம் இன்னும் மோசம்: இடைவேளையில் மலேசியாவுக்கு 3-1 முன்னிலை, முடிவில் இந்தியாவிடம் 4-3 தோல்வி. மாமாக் கடையில் என் தே தாரிக் ஆறிப்போனது.

மலேசியா வெளியேறிவிட்டால்? சரி, அப்போது இந்தியா.