ஃபயர்பாக்ஸ் ஹிஸ்டரியைப் பைத்தானில் படித்தால் 'லாக்ட்' என்று வருவது ஏன்?

திருப்பூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போன மாதம் நூல் விலை பார்த்த பக்கங்களை ஃபயர்பாக்ஸ் ஹிஸ்டரியிலிருந்து எடுக்கப் போனால் 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்கிறது, தேதியும் நீளமான எண்ணாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரவுசர் ஓடும்போது ஹிஸ்டரி சேமிக்கப்படும் டேட்டாபேஸான 'பிளேசஸ்.எஸ்கியூலைட்' ஃபைலைத் தன் கையிலேயே பிடித்து வைத்திருக்கும், அதனால் அசலைத் தொடவே தொடாதீர்கள். ஃபயர்பாக்ஸை மூடிவிட்டு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு காப்பி எடுங்க, அதைத் திறந்தால் போதும். மூடாமல் எடுப்பதானால் பக்கத்திலேயே '-வால்' (-wal) என்று பெயர் முடியும் ஃபைல் ஒன்று இருக்கும், அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். கடைசியாகப் பார்த்த பக்கங்கள் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும், விட்டுவிட்டால் இன்று காலை பார்த்ததே வராது.

தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், இந்த டேட்டாபேஸைத் திறக்கும் 'எஸ்கியூலைட்3' மாட்யூல் பைத்தானோடு கூடவே வருகிறது.

'மோஸ்_பிளேசஸ்' டேபிளில் முகவரியும் தலைப்பும் இருக்கும், ஆனால் கடைசி வருகையின் நேரம் மட்டும்தான். உங்களுக்கு மாதக் கணக்கு வேண்டும் என்பதால் ஒவ்வொரு வருகையையும் வைத்திருக்கும் 'மோஸ்_ஹிஸ்டரிவிசிட்ஸ்' டேபிளை இதோடு ஜாயின் செய்யுங்க (இரண்டையும் இணைத்துப் படியுங்க), அதுதான் சரியான வழி.

அப்புறம் தேதி. அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மைக்ரோசெகண்ட். 1700000000000000 என்று வந்தால் பத்து லட்சத்தால் வகுங்க, 1700000000 செகண்ட், அதாவது நம்ம நேரப்படி 2023 நவம்பர் 15, அதிகாலை 3:43. குரோமில் இதே கணக்கைப் போட்டால் தப்பாக வரும், அங்கே எண்ணிக்கை 1601-லிருந்து தொடங்குகிறது. வகுத்த பிறகு 11644473600-ஐக் கழித்துக்கொள்ளுங்க.