அனிமே இயக்குநர் ஆவதற்காக டோக்கியோ வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: டோக்கியோவில் மொழிப்பள்ளியில் படிக்கிறீர்கள், ஹொசோதா மமோரு மாதிரி அனிமே இயக்குநர் ஆக வேண்டும், பள்ளியைப் பாதியில் விட்டு ஏதாவது ஸ்டூடியோவில் புகுந்துவிட்டால் சீக்கிரம் மேலே வரலாமா? தயவுசெய்து பள்ளியை விடாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் கணினி வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, பிறகு ஒரு சிறிய அனிமே நிறுவனத்தின் ‘சாட்சுஎய்’ பிரிவுக்கு மாறியவன். வரைந்த உருவங்களையும் பின்னணி ஓவியத்தையும் கணினியில் ஒன்றுசேர்க்கும் பிரிவு அது. எல்லார் வேலையும் கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வரும். அதனால் யார் எந்த வழியாக மேலே போகிறார்கள் என்பது எங்கள் கண்ணில் படும்.

நீங்கள் பேர் சொன்ன ஹொசோதாவையே எடுத்துக்கொள்வோம். 1967-இல் தோயாமா மாவட்டத்தில் பிறந்தவர். கனசாவாவில் ஓவியக் கல்லூரியில் எண்ணெய் ஓவியம் படித்துவிட்டு புகழ்பெற்ற அனிமே நிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லியின் பயிற்சித் தேர்வுக்கு விண்ணப்பித்தார். எடுக்கவில்லை. 1991-இல் டோயெய் அனிமேஷனில் சேர்ந்து, அடுத்தவர்கள் இயக்கிய தொடர்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு அத்தியாயத்தை இயக்கும் வாய்ப்பு 90-களின் பிற்பகுதியில்தான் வந்தது. 1999, 2000-இல் டிஜிமோன் குறும்படங்கள் இரண்டும் பேசப்பட்டன. அதைப் பார்த்து, முன்பு கதவைச் சாத்திய அதே ஜிப்லி ஒரு பெரிய படத்தை இயக்க அவரை அழைத்தது. அந்தப் படம் அவர் கையில் நிற்கவில்லை. 2002-இல் விலகி வந்தார், பிறகு ஜிப்லியின் மூத்த இயக்குநர் மியாசாகியே அதை இயக்கினார்.

அப்புறம் ஹொசோதா செய்ததுதான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். பழைய நிறுவனத்துக்கே திரும்பி, சிறு பெண்பிள்ளைகள் பார்க்கும் ‘ஒஜமஜோ டொரேமி’ தொடரில் தனி அத்தியாயங்களை இயக்கினார். அதில் 2002-இல் வந்த ஓர் அத்தியாயத்தை இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. மேட்ஹவுஸ் என்ற அனிமே நிறுவனத்தின் தயாரிப்பாளர் மருயாமா அவரைக் கூப்பிட்டதற்கு அந்த வேலைதான் காரணம் என்று சொல்வார்கள். அப்படிப் பிறந்தது ‘தோக்கி ஓ காகெரு ஷோஜோ’ என்ற திரைப்படம். 2006 கோடையில் மிகச் சில தியேட்டர்களில் வெளியாகி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே மாதக்கணக்கில் ஓடியது. சேர்ந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 15 வருடம். 2011-இல் ‘ஸ்டூடியோ சிசு’ என்று சொந்த இடம், 2018-இல் வந்த ‘மிராய்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இந்தத் துறையில் இயக்குநராக யாரும் வேலைக்குச் சேர்வதில்லை, தம்பி. கீழே இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று வரைபவர்களுடையது: முதலில் ‘டோகா’, அதாவது இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் அசைவுகளை வரைவது. பிறகு ‘கெங்கா’, முக்கியப் படங்கள். அதன் பிறகு மற்றவர்கள் வரைந்ததைத் திருத்தும் ‘சகுகா கன்தோகு’. இரண்டாவது வாசல் ‘சேய்சாகு ஷின்கோ’. எந்த ‘கட்’, அதாவது எந்தக் காட்சித்துண்டு, யாரிடம் இருக்கிறது, எப்போது வரும் என்று பின்தொடர்ந்து வாங்கிவருகிற வேலை. இரவில் வண்டியை எடுத்துக்கொண்டு வரைபவர்களின் வீடு வீடாகப் போவதும் உண்டு. பார்க்க எடுபிடி வேலை போலத் தெரியும். ஆனால் ஒரு அத்தியாயம் எப்படி உருவாகிறது என்பது முழுதாகத் தெரிந்தவர் அவர்தான், அங்கிருந்து அத்தியாய இயக்கத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர். வரையத் தெரிந்தால்தான் இயக்குநர் என்பதும் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்த தகாஹதா இசாவோ படம் வரைபவர் இல்லை. 1959-இல் டோயெயில் உதவி இயக்குநர் வேலைக்குச் சேர்ந்து, 1968-இல் முதல் திரைப்படத்தை இயக்கினார்.

சீக்கிரம் வந்தவர்களும் உண்டு. கியோட்டோ அனிமேஷனில் யமதா நாவோகோ 24 வயதில் ‘கே-ஆன்’ தொடரை இயக்கினார். அது மாதச் சம்பளம் கொடுத்து, சொந்தமாகப் பயிற்சியும் கொடுத்து ஆளை வளர்க்கிற நிறுவனம் என்பதை மறக்க வேண்டாம். ஷின்காய் மகோதோ வழி வேறு: விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபடியே கற்றுக்கொண்டு, 2002-இல் 25 நிமிடப் படம் ஒன்றைக் கிட்டத்தட்டத் தனியாளாகக் கணினியில் செய்து முடித்தார்.

இனி காசு. டோகா ஒரு தாளுக்கு 200 யென்னை ஒட்டிய கூலிதான் பல காலமாக. அனிமே நிறுவனங்கள் நிறைய இருக்கும் டோக்கியோவின் நெரிமா பக்கம் ஒற்றை அறைக்கே மாதம் 50,000, 60,000 யென் வாடகை. அனிமேக் கலைஞர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் டோகா வரைபவரின் சராசரி வருட வருமானம் சுமார் 11 லட்சம் யென், இயக்குநருக்குச் சுமார் 65 லட்சம். இப்போது சில நிறுவனங்கள் ஆட்களை நிரந்தரமாக எடுக்கத் தொடங்கியிருக்கின்றன, ஆனாலும் தொடக்கத்தில் நெருக்கடிதான். ஜப்பானியப் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்து பணம் வாங்கித்தான் அந்த வருடங்களைக் கடக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி அனுப்ப முடியுமா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

நமக்கு அதைவிடப் பெரிய முடிச்சு விசா. மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். பள்ளியை விட்டால் அந்த விசாவுக்கு அடிப்படையே போய்விடும். மூன்று மாதம் படிக்காமல் இருந்தால் ரத்து செய்யவும் முடியும். வேலை விசாவுக்கு மாற, பட்டம் வேண்டும் அல்லது இங்கே ‘சென்மோன்’ தொழிற்பள்ளி முடித்திருக்க வேண்டும். கூடவே ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தமும், ஜப்பானியருக்குக் கொடுக்கும் அதே அளவு சம்பளமும் வேண்டும். தாள் கணக்கில் கூலி வாங்கும் ஃப்ரீலான்ஸ் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போனால் திருப்தியான பதில் கிடைப்பது கடினம். ஆகவே எவ்வளவு புகழ்பெற்ற ஸ்டூடியோ என்பதைவிட, நிரந்தர ஊழியராக எடுப்பார்களா என்பதை முதலில் பாருங்கள்.

வெளிநாட்டவருக்கு இடமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கர் மைக்கேல் ஏரியஸ் 2006-இல் ‘தெக்கோன் கிங்க்ரீட்’ படத்தை இயக்கினார். கணினி வரைகலை மென்பொருள் எழுதிய கைதான் அவரை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தது. ‘ஜுஜுத்சு காய்சென்’ முதல் பருவத்தை இயக்கிய பார்க் சுங்ஹூ தென்கொரியர், வரைகலைஞராக இருந்து மேலே வந்தவர்.

மொழியை மட்டும் குறுக்கு வழியில் கடக்க முடியாது. இயக்குநர் நாள் முழுக்கச் செய்வது பேச்சு. இந்தக் கண் ஏன் அரை நொடி தாமதமாகத் திரும்ப வேண்டும் என்பதை, தன்னைவிட இருபது வயது மூத்த வரைகலைஞரிடம் மரியாதை குறையாமல் சொல்லிப் புரியவைக்க வேண்டும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்-2 நிலை அளவு ஜப்பானியமாவது வந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஓகிகுபோ பக்கம் சுகினாமி அனிமேஷன் அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. நகானோ பிராட்வேயின் பழைய புத்தகக் கடைகளில் திரைப்படங்களின் ‘எகொன்தே’ தொகுப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் படம், செயல், வசனம், எத்தனை நொடி என்று இயக்குநர் போட்ட திட்டம் அது. ஒன்றை வாங்கி, படத்தை ஓடவிட்டு, நிறுத்துக்கடிகாரத்தோடு கட் கட்டாகப் பாருங்கள். பிறகு நீங்களே மூன்று நிமிடக் கதை ஒன்றுக்கு எகொன்தே போட்டு வையுங்கள். நேர்காணலில் உங்கள் ஆசையைவிட அந்தத் தாள்களைத்தான் பார்ப்பார்கள்.

ஊரில் பட்டப்படிப்பு முடித்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முடித்திருந்தால் சென்மோன் பள்ளிச் செலவே தேவைப்படாமல் போகலாம். அதையும் உங்கள் விசா எப்போது முடிகிறது என்பதையும் எழுதுங்கள், அதற்கேற்றபடி அடுத்ததைச் சொல்கிறேன்.