ஈசிஆரில் காரில் போனால் கடலும் பறவைகளும் தெரியுமா?

சென்னையிலிருந்து புதுச்சேரிவரை குடும்பத்தோடு காரில் போகிறோம், வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாமா, பறவைகள் ஏதும் தென்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடல் தெரியாது. பறவை தெரியும்.

உடனே ஒருவர் வந்து "முட்டுக்காடு பாலத்தில் தெரிகிறதே" என்பார். தெரிகிறது, பாலத்தைக் கடக்கிற நேரத்துக்கு. மற்றபடி மாமல்லபுரம்வரை இடப்பக்கம் மதில், ரிசார்ட், மறுபடி மதில். பேர்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை.

நான் மரக்காணத்துக்காரன். ஊர்ப்பெருமை பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி, இந்தச் சாலையில் பார்க்க வேண்டியது மாமல்லபுரத்துக்குத் தெற்கேதான் இருக்கிறது. முன்பு சென்னையில் வேலை பார்த்தபோது மச்சான் குடும்பத்தை ஊருக்கு அழைத்து வந்தேன். நீலாங்கரை தாண்டியதிலிருந்தே அவர் மகள் "மாமா, கடல் எப்ப வரும்?" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள். மச்சான் அதற்கு மேல். "ஓஎம்ஆர்லயே வந்திருக்கலாமே மாப்ள" என்றார், பழைய மாமல்லபுரம் சாலையைச் சொல்லி. கல்பாக்கம் தாண்டி, பாலாற்றையும் தாண்டி, முதலியார்குப்பத்தில் உப்பங்கழி விரிந்ததும்தான் காரில் பேச்சு நின்றது. அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. கழியைக் கடந்து மணல்திட்டுக்குப் போனால் கடல் வரும். அந்தப் பெண் கேட்ட கடல் அங்கேதான் கிடைத்தது.

அடுத்து கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பி ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். 1760-இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்டது. செங்கல் சுவர்கள்தான் மிச்சம். ஆனால் அங்கே நின்றால் ஒரே பார்வையில் கழியும் கடலும் தெரியும். இரண்டு பக்கமும் ஆலாப் பறவைகள் தண்ணீரில் செங்குத்தாக விழுந்து மீன் எடுக்கும்.

அப்புறம் மரக்காணம். சாலையின் இருபுறமும் உப்பளம். எல்லோரும் வெள்ளையாகக் குவித்து ஓலை போட்டு மூடிய உப்பைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உப்பு விளைகிற பாத்தியில் பறவை அதிகம் இருக்காது. உப்பு முற்றாத தண்ணீர் தேங்கி நிற்கும் பாத்திகளைப் பாருங்கள். அங்கேதான் பூச்சி, புழு, சின்ன இறால் எல்லாம். நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலோடு வரிசையாக நிற்கும். என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். கண் கூசும் அந்த வெள்ளையில் நின்றே அவர் கண் கெட்டது, அது வேறு கதை.

சாலைக்கு மேற்கே இருக்கிறது கழுவெளி. பெரிய உவர்நீர் ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இதற்குப் பிறகும் பக்கத்திலேயே காரில் பறக்கிறவர்களுக்கு அங்கே ஏரி இருப்பதே தெரியாது. மழை முடிந்து மார்கழி, தை, மாசியில் வாருங்கள். பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன் எல்லாம் பார்க்கலாம். பூநாரை ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி வராது, தண்ணீர் அளவைப் பொறுத்தது. பார்க்கக் கிடைக்கவில்லை என்றால் என்னைத் திட்ட வேண்டாம். நான் பறவை நிபுணன் இல்லை. பைனாகுலர் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

காலையிலேயே போய்விடுங்கள். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், மேற்கே பார்க்கும்போது பறவையின் நிறம் சுத்தமாகத் தெரியும். மாலையில் போனால் எல்லாமே கருப்பு உருவம்தான். தயவுசெய்து பிரதான சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். வருகிற வேகம் அப்படி. கிளைச்சாலையில் இறங்கி, ஊர்க்காரர்களிடம் கழுவெளிக் கரைக்கு வழி கேளுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "உங்க ஊர் வழியாத்தான் பாண்டி போறோம், மத்தியானம் வந்துடறோம்" என்று போன் செய்கிற சொந்தக்காரர்கள் எனக்கு ஏராளம். அம்மா விடியற்காலையில் மீன் வாங்கி, குழம்பு வைத்து, வாழையிலை நறுக்கிக் காத்திருப்பார். மூன்று மணிக்கு போன் வரும்: "மாப்ள, நேரமாயிடுச்சு, நேரா வந்துட்டோம்." புதுச்சேரியில் எதற்கு அந்த அவசரம் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பும்போதாவது வருவார்களா என்றால், அப்போது வருகிற நிலையில் இருக்க மாட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இதைப் படிக்கிற சிலருக்குச் சம்பந்தம் உண்டு.

நீங்கள் ட்ரோன் கொண்டுவருகிற ஆள் என்றால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சரணாலயத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விடும், பின்னால் வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீர்தான்.