மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாவற்றையும் ஏஐ செய்துவிட்டால் சவுண்ட் இன்ஜினியரிங் படிப்பதில் பயன் இருக்கிறதா?

இருக்கிறது, தாராளமாகப் படியுங்கள். ஆனால் நாங்கள் வேலை பழகிய வழி உங்களுக்குக் கிடைக்காது.

சென்னையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் 11 வருடமாக மிக்ஸிங் செய்கிறேன், அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து ஒரே பாட்டாக்கும் வேலை. பக்திப் பாடல்கள்தான் அதிகம். சேர்ந்த புதிதில் ஃபேன் இரைச்சலையும் பாடகரின் மூச்சையும் வரிவரியாக உட்கார்ந்து வெட்டுவேன். ஒரு பாட்டுக்கு ஒரு நாள் போகும். என் காது பழகியதே அதில்தான். இப்போது அது சில நிமிட வேலை. வெளியிடும் முன் பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங்கும் அப்படியே. பாட்டை ஏற்றினால் தானே மாஸ்டர் செய்து தரும் லேண்டர் 2014-இல் வந்தது. 2023 கடைசியில், பாட்டுப் பதிவு செய்யும் ஆப்பிள் மென்பொருளான லாஜிக் புரோவுக்குள்ளேயே அந்த வசதி வந்துவிட்டது. பட்ஜெட் குறைவு என்றால் அதுவே போதும் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

என்னை அசர வைப்பது குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் வேலை. ஜான் லெனன் 1970களின் கடைசியில் வீட்டில் பியானோவோடு பாடி வைத்த கேசட் ஒன்றை பீட்டில்ஸின் மற்ற மூவரும் 1995-இல் எடுத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். குரலைப் பிரிக்க முடியவில்லை. மென்பொருள் அதைச் செய்துகொடுத்த பிறகு 2023-இல் ‘நவ் அண்ட் தென்’ வெளிவந்தது. அதே வேலையைச் செய்யும் டெமுக்ஸ் என்ற மென்பொருள் இன்று இலவசம்.

சரி, நம் பாட்டைப் போட்டால்? டெமுக்ஸ் எதையும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலாகப் பிரிக்கும். ஒரு கச்சேரிப் பதிவைக் கொடுத்தேன். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை டிரம்ஸில் விழுந்தது, இடப்பக்கமான தொப்பி பேஸில் போய் உட்கார்ந்தது. ஒரே ஆள் வாசித்த ஒரே வாத்தியம்! நாகசுரம் கமகத்தோடு இழுக்கும் இடங்களில் குரல் டிராக்கில் கலந்துவிட்டது. இப்படிப் பிரிக்க மென்பொருளைப் பழக்குவதற்குப் பெரிதும் புழங்கும் மியூஸ்டிபி18 என்ற பாட்டுத் தொகுப்பில் 150 பாட்டு இருக்கிறது, பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். தவிலைக் கேட்டே இராத மென்பொருளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

போன வருடம் ஒருவர், காலமான தன் அம்மா பாடிய நலங்குப் பாட்டுக் கேசட்டைக் கொண்டுவந்தார். இரைச்சல் நீக்கியதும் குரல் பளிச்சென்று வந்தது. கேட்டுவிட்டு, “அம்மா கை தட்டுறப்ப வளையல் சத்தம் வருமே, அது எங்க சார்?” என்றார். இரைச்சலோடு அதையும் மென்பொருள் துடைத்திருந்தது. எனக்கும் அது தோன்றவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது. பாட்டின் தாளமே அந்த வளையலில்தான் இருந்தது. பழைய பதிவை அடியில் வைத்து, ஒவ்வொரு தட்டலுக்கும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் கீச்சென்ற ஒலியை மட்டும் திறந்துவிட்டேன். ஒரு ராத்திரி முழுக்கப் போனது.

அப்புறம், குரல் விஷயம். 2024-இல் ‘திமிறி எழுடா’ பாட்டுக்காக ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி பெற்றுச் சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அதுதான் முறை. கோரஸ் பாட வருபவர்களுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

படிக்கும்போதே ஒரு தவில் கலைஞரிடம் போய் மைக் வைத்துப் பழகுங்கள். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மைக் வேண்டும். தனித்தனி டிராக்காக எடுத்து, வாசித்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வையுங்கள். நம் வாத்தியங்களைப் பிரிக்கத் தெரிந்த மென்பொருளை யார் செய்ய வந்தாலும் இந்தப் பதிவுகளைத்தான் தேடி வருவார்கள். நாங்கள் நாகசுரம், தவில், உறுமி மூன்றையும் அப்படிப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டோம்.