ரெண்டு மணி நேரம் வெளியில் விடுங்கள் என்றால், எங்கே விடுவது?

கேள்வி: மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்கு வயது 38, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குப் போன மாதம் மைனஸ் 1 கண்ணாடி போட்டார்கள். "தினமும் ரெண்டு மணி நேரம் வெளியில் விளையாட விடுங்க" என்றார் டாக்டர். 5 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். எனக்கோ விட்டமின் டி குறைவு. வாராவாரம் ட்ரெக்கிங் போய்விட்டால் எல்லாவற்றுக்கும் ஆச்சு என்கிறார் கணவர். இந்த வெயிலில் எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ட்ரெக்கிங் கொஞ்சம் பொறுக்கட்டும். மகளைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அவள்தான் முதலில் கண்ணில் படுகிறாள்.

மகனுக்கு வந்திருப்பது கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது. கண்விழி முன்பின்னாக நீண்டுபோவதால் வருவது அது. நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது இந்த நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டுப் பார்த்தார்கள். 3 ஆண்டுகள் கழித்து அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் இருந்த மற்ற பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். முடிவு 2015-இல் வெளியானது. இதில் கவனிக்க வேண்டியது, பலன் தெளிவாகத் தெரிவது குறை வராமல் தள்ளிப்போடுவதில்தான். வந்துவிட்ட பவர் ஏறாமல் நிற்குமா என்பதில் அந்த அளவுக்கு உறுதி கிடையாது. ஆகவே மகன் எவ்வளவு விளையாடினாலும் கண்ணாடியும் பரிசோதனையும் தொடரட்டும். இன்னும் கண்ணாடி போடாத மகளுக்குத்தான் இந்த ரெண்டு மணி நேரம் அதிகம் உதவும்.

வெயில் என்று பயப்படுகிறீர்களே, பிள்ளைகள் வெயிலில் காய வேண்டியதே இல்லை. ட்யூப்லைட் போட்ட ஹாலில் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். பகலில் வேப்பமர நிழலில் நின்றால் அது ஆயிரக்கணக்கில் போகும். இந்த இரண்டு வெளிச்சத்துக்கும் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நிழல் போதும், தொப்பியும் போடலாம்.

ஆனால் பகல் வெளிச்சம் வேண்டும். பல வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். சென்னையில் நவம்பரில் 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். பள்ளி விட்டு வந்ததும் 5 மணிக்கு டியூஷன் என்றால் அன்றைய வெளிச்சம் போயிற்று. டியூஷனை ஆறரைக்கு மேல் தள்ளப் பாருங்கள். இரவில் விளக்குப் போட்ட டர்ஃபில் ஆடும் கிரிக்கெட் உடம்புக்கு நல்லது. கண் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரமும் ஒரே மூச்சில் வேண்டாம். வேன் வரும்முன் 20 நிமிடம், பள்ளி இடைவேளை, மாலையில் ஒரு மணி நேரம் என்று சேர்ந்துவிடும். என்ன விளையாட்டு என்பதும் முக்கியமில்லை. பார்க்கிங் ஓரம் சாக்பீஸால் கட்டம் போட்டு அண்ணனும் தங்கையும் பாண்டி ஆடட்டும். குடியிருப்பு சங்கத்தில் யாராவது முகம் சுளிப்பார்கள். நீங்களே இறங்கி இரண்டு கட்டம் தாண்டிக் காட்டுங்கள்.

உங்கள் விட்டமின் டி வேறு கதை. காலை ஏழு மணி இளவெயிலில் நின்றால் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தூக்கம் ஒழுங்காக அந்த வெளிச்சம் உதவும், ஆனால் விட்டமின் டி-க்குத் தேவையான புற ஊதா பி கதிர் அப்போது மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. முற்பகல் பத்தரை, பதினொன்றுக்குக் கையும் முகமும் படும்படி மாடியில் துணி காயப்போடுங்கள். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் அதை நிறுத்த வேண்டாம்.

நடைக்குப் பள்ளிக்கரணை பக்கத்திலேயே இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்புநிலம். சூழல் பூங்காவில் நடைபாதை உண்டு. குளிர்காலத்தில் பூநாரை கண்ணில் படலாம், நாமக்கோழி நிச்சயம். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகமாக இருந்தது. ஒரே நாளா, பிரித்தா என்பதில் பேதமில்லை. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, என்றாலும் ஞாயிறு காலையை மாலில் கழிப்பதற்கு இது தேவலை.

இப்போது உங்கள் கணவருக்கு. முதலில் பரங்கிமலைப் படிகள், நூற்றுமுப்பது சொச்சம்தான். மூச்சு வாங்காமல் ஏற வந்ததும் திருக்கழுக்குன்றம்; ஐந்நூற்றுக்கு மேல் படிகள், கல் சுடுமுன் இறங்கிவிட வேண்டும். அப்புறம் காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அனுமதியில்லாத வழியில் எவர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2024-இல் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டியும் கூடவே வருவார். எளிதில் தொடங்குங்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் கோடை விடுமுறையை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். தலைவலி, குமட்டல் என்று யாராவது சொன்னால் நிழலில் உட்கார வைத்து ஈரத்துணி போட்டு ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால் உடனே 108.

மகனின் அடுத்த கண் பரிசோதனைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். 5 வயதுப் பிள்ளை "தெரியலை" என்று தானாகச் சொல்லாது. சொட்டு மருந்து விட்டே பார்க்கச் சொல்லுங்கள்.