கிரீன்லாந்துப் பனியில் ரோமின் பொருளாதாரம்

“கணக்கேடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில், ரோமப் பேரரசு எப்போது செழித்தது, எப்போது சரிந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அருமையான சாட்சி ஒன்று கிரீன்லாந்தில் இருக்கிறது. அங்குள்ள பனியில் படிந்த ஈயம்தான் அது. ரோமானியர்களின் தினாரியஸ் என்ற நாணயம் வெள்ளியால் ஆனது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி ஈயத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. உலையிலிருந்து கிளம்பிய ஈயப் புகை காற்றில் வடக்கே போய், ஆண்டுதோறும் விழும் பனியோடு படிந்தது. ஆகவே ஈயம் கூடினால் வெள்ளி உற்பத்தி பெருகியது, குறைந்தால் சுருங்கியது என்று ஊகிக்கலாம்.

2018இல் வெளியான ஓர் ஆய்வுக்கு, கிரீன்லாந்துப் பனியைத் துளையிட்டு எடுத்த 400 மீட்டருக்கும் நீளமான பனித்தூண் பயன்பட்டது. அதைத் துண்டுகளாக அறுத்து, சூடான தகட்டின்மேல் நிமிர்த்தி வைத்து, அடியிலிருந்து உருகும் நீரை நேரே அளவைக் கருவிக்குள் செலுத்தினார்கள். கி.மு. 1100 முதல் கி.பி. 800 வரையிலான ஈய அளவு கிடைத்தது.

பேரரசின் முதல் இரு நூற்றாண்டுகளில் அளவு உச்சத்தில் நிற்கிறது. கி.பி. 165இல் அன்டோனைன் கொள்ளைநோய் பரவியதும் சட்டென்று விழுகிறது; அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு அந்த உயரத்தைத் தொடவே இல்லை. சுரங்கத்தில் ஆட்கள் மடிந்த செய்தி துருவப் பனிவரை எட்டியிருப்பது என்னை உலுக்குகிறது.

ஆனால் ஈயம் சொல்வது சுரங்கத்தையும் உலையையும் பற்றித்தான். சாதாரணக் குடும்பம் என்ன சாப்பிட்டது என்பதற்கு எலும்பு, விதை, மகரந்த ஆய்வுகளைத்தான் நாடவேண்டும்.