சந்தா கூடினால் ஐ.நா. சீனாவின் கைக்குப் போய்விடுமா?

"அமெரிக்கா ஒதுங்குகிறது, சீனா பணத்தைக் கொட்டி ஐ.நா.வை வாங்கிவிட்டதா?" என்பது உங்கள் கேள்வி. தொலைக்காட்சி விவாதம் எதையாவது பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். இல்லை, வாங்கவில்லை. உடனே சீனாவுக்கு வக்காலத்து வாங்குவதாகக் கிளம்பாதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

ஐ.நா. சந்தா சீனா விரும்பிக் கொட்டும் பணம் அல்ல. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சூத்திரப்படி பங்கு கணக்கிடப்படுகிறது. நாட்டின் தேசிய வருமானத்தின் 3 ஆண்டு, 6 ஆண்டு சராசரிகளை எடுப்பார்கள். கடன் சுமைக்குக் கழிவு உண்டு. தனிநபர் வருமானம் உலகச் சராசரிக்குக் கீழே இருந்தால் இன்னொரு கழிவு. உச்சவரம்பு 22%, அமெரிக்கா அங்கேதான் நிற்கிறது. 2000இல் சீனாவின் பங்கு சுமார் 1%. 2022-24இல் 15.254%, 2025-27க்கு 20.004%. பொருளாதாரம் வளர்ந்தது, உலகச் சராசரியை நெருங்க நெருங்கக் கழிவும் கரைந்தது, அவ்வளவுதான். இவ்வளவு கட்டினாலும் பொதுச் சபையில் ஒரே ஒரு வாக்குதான்.

பிடி வேறு இடத்தில் இருக்கிறது. சந்தாவை 30 நாளுக்குள் கட்டச் சொல்கிறது விதி. ஆனால் இரண்டு ஆண்டுச் சந்தா அளவுக்குப் பாக்கி சேர்ந்தால்தான், சாசனத்தின் 19ஆம் பிரிவின்படி பொதுச் சபை வாக்குரிமை போகும். எனவே அண்மை ஆண்டுகளில் சீனா செய்வதுபோல் ஆண்டின் பிற்பகுதியில் கட்டினால் எந்தத் தண்டனையும் இல்லை. தாமதமாக வரும் பணத்தைச் செலவிட நேரமிருக்காது. செலவாகாத ஒதுக்கீட்டை உறுப்பு நாடுகளின் கணக்கில் திருப்பி வரவு வைத்தாக வேண்டும். ஆளெடுப்பை நிறுத்துவதும் கூட்டங்களைக் குறைப்பதும் இப்படித்தான் நடக்கிறது. பாக்கி வைப்பதில் அமெரிக்காதான் முதலிடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணத்துக்கு வாக்கு கிடைப்பது பன்னாட்டு நிதியத்தில். அங்கேதான் கதவு மூடியிருக்கிறது. 2010இல் ஒப்புக்கொண்ட வாக்குப் பங்குச் சீர்திருத்தம், அமெரிக்க நாடாளுமன்றம் இழுத்தடித்ததால் 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. சீனாவின் வாக்கு சுமார் 3.8%இலிருந்து 6.1% ஆனது. அமெரிக்காவிடம் 16.5% இருக்கிறது, முக்கிய முடிவுகளுக்கு 85% தேவை என்பதால் அது ஒன்றே தடுத்துவிடலாம். 2023 டிசம்பரில் எல்லோருடைய கோட்டாவையும் (வாக்கைத் தீர்மானிக்கும் மூலதனப் பங்கு) ஒரே விகிதத்தில் 50% உயர்த்த முடிவு செய்தார்கள். விகிதம் மாறாததால் யாருடைய பலமும் மாறாது. சுமார் 2.6% வாக்கோடு நிற்கும் இந்தியாவுக்கும் இதே அநீதிதான். நம் ஊடகங்கள் இதற்கு அரைப் பத்தியாவது ஒதுக்கினவா? "வீட்டோ, வீட்டோ" என்று மட்டும் கத்துகிறார்கள்.

அதனால்தான் சீனாவின் முயற்சியில் பெய்ஜிங்கில் 2016 ஜனவரியில் 10,000 கோடி டாலர் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தோடு ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி திறந்தது. முக்கிய முடிவுகளுக்கு 75% வாக்கு வேண்டும், சீனாவிடம் சுமார் 26%. நிதியத்தில் அமெரிக்காவுக்கு உள்ள அதே தடுப்புப் பலம். இரண்டாவது பெரிய பங்குதாரர் இந்தியா.

ஐ.நா. அமைப்புகளில் சீனர்களுக்குக் கிடைக்கும் தலைமைப் பதவிகளை எண்ணிப் பயமுறுத்துவோரும் உண்டு. 2019இல் உணவு வேளாண் அமைப்பின் தலைமைக்கு சீனாவின் ச்சூ தோங்யூ முதல் சுற்றிலேயே 108 வாக்குகள் பெற்று வென்றது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டே உலக அறிவுசார் சொத்து அமைப்பில் சீன வேட்பாளர், சிங்கப்பூரின் டேரன் டாங்கிடம் 55-28 என்று தோற்றார். வேட்பாளருக்கு வேட்பாளர் கணக்கு மாறும்.